கொக்கி எதைப் பிடித்திருக்கிறது?

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டை இடித்தபோது, கூடத்து ஊஞ்சலைப் பலகையும் பித்தளைச் சங்கிலிகளுமாக எடுத்து வந்துவிட்டோம். இப்போது திருவான்மியூரில் நான்கு மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். கட்டும்போது ஊஞ்சல் கொக்கி வைக்கவில்லை. தளத்தில் ட்ரில் போட்டு நான்கு ஆங்கர் போல்ட் இறுக்கினால் போதும், யானையே ஆடலாம் என்கிறார் தச்சர். பேரக்குழந்தைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. மாட்டலாமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அந்தப் போல்ட்டுகளை நம்பி மாட்ட வேண்டாம்.

ஊஞ்சல் என்றதும் எல்லோரும் சங்கிலியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, கொக்கி மேலே எதைப் பிடித்திருக்கிறது என்பதை. உங்கள் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தளத்தை மர உத்திரங்கள் தாங்கின. ஊஞ்சல் கொக்கியின் தண்டு அந்த உத்திரத்தைத் துளைத்து மேலே சென்று, இரும்புத் தகட்டின் மீது முடுக்கப்பட்டிருந்தால், உத்திரமே ஒடிந்தாலொழிய அது விழாது. கான்கிரீட் வீட்டிலும், தளம் போடும் முன்பே கொக்கியின் கால்களை வளைத்துக் கம்பிகளின் மேல் மாட்டிவிட்டால், பாரத்தைக் கம்பிக்கூடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். பிறகு துளையிட்டு இறுக்கும் விரியும் வகைப் போல்ட்டுக்கு இந்தப் பிடிமானம் கிடையாது. துளையின் சுவரை நெருக்கிப் பிடிப்பது ஒன்றே அதன் பலம்.

பாரத்தைக் கணக்கிடுவோம். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகை சுமார் 23 கிலோ இருக்கும். சங்கிலிகளோடு 45 கிலோ என்றும், மூன்று பேர் அமர்ந்தால் 200 கிலோ என்றும் வைத்தால் மொத்தம் 245 கிலோ ஆகிறது. ஊஞ்சல் 30 டிகிரி வரை வீசி ஆடினால், அது கீழே வரும் கணத்தில் இழுவிசை 1.27 மடங்காகும். பிள்ளைகள் உந்தி 45 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 1.6 மடங்கு, அதாவது 390 கிலோ. நான்கு சங்கிலிகளும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளத்தில் இருப்பதில்லை என்பதால், எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டே பெரும்பாலான பாரத்தைச் சுமக்கக்கூடும்; அப்போது ஒரு கொக்கிக்கு 200 கிலோ வருகிறது. ஆட்களுக்கு மேலே பொருள்களைத் தொங்கவிடும் மேடைத் தொழிலில் பத்து மடங்கு பலம் வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் ஒவ்வொரு கொக்கியும் 2 டன் தாங்க வேண்டும். 12 மில்லிமீட்டர் இரும்புத் தண்டு அதைத் தாங்கிவிடும். அது பற்றியிருக்கும் கான்கிரீட் தாங்குமா என்பதே கேள்வி.

வீட்டுத் தளம் பெரும்பாலும் ஐந்து அங்குலக் கனம்தான்; அதில் மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் துளையிட முடியும். அதிக விசையோடு இழுத்தால் போல்ட் மட்டும் தனியாக வராது. புனல் வடிவத்தில் கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். அதோடு, அறையின் நடுப்பகுதியில் தளத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுவிசையில் இருப்பதால் அங்கே மயிரிழை விரிசல்கள் இயல்பானவை. விரிசல் குறுக்கே வந்தால் போல்ட்டின் பிடி தளர்ந்துவிடும்.

துளைக்குள் பசை நிரப்பிப் போல்ட்டை ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் போட்டால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொல்லக்கூடும். அந்தப் பசை தொடக்கத்தில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஓயாமல் கீழ்நோக்கி இழுக்கும் பாரத்தில் சில பசைகள் மெல்ல மெல்ல இளகி வழுவும். 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து, காரில் சென்ற ஒரு பெண் இறந்ததற்கு, அவற்றைப் பிடித்திருந்த பசை இப்படி வழுவியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் 2012 டிசம்பர் 2 அன்று கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கும் போல்ட்டுகள் பசையால் பொருத்தப்பட்டவைதான். 1977-இல் திறந்த அந்தச் சுரங்கம் 35 ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே என் முதல் யோசனை, தரையில் நிற்கும் தேக்கு அல்லது இரும்புச் சட்டகத்தில் ஊஞ்சலை மாட்டுங்கள் என்பதே. கூரையிலிருந்துதான் தொங்க வேண்டுமென்றால், கூடத்தின் இரண்டு கான்கிரீட் பீம்களுக்கு இடையே ஓர் இரும்பு உத்திரத்தைக் குறுக்கே வைத்து, அதன் தாங்கிகளைப் பீம்களின் பக்கவாட்டில் பொருத்தச் சொல்லுங்கள். அப்போது போல்ட்டுகள் தொங்குவதில்லை. குறுக்கே பாரம் சுமக்கின்றன, அதில் அவற்றுக்குப் பலம் அதிகம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பீம்களைப் பார்த்துக் கணக்கிடாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். முடிந்ததும் ஆட்கள் அமரும் முன், எட்டு சிமென்ட் மூட்டைகளை, அதாவது 400 கிலோவை, பலகையில் அடுக்கி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாளும் கீழே யாரும் நடமாடக் கூடாது.

அழகுக்காகத் தளத்துக்குக் கீழே போடும் ஃபால்ஸ் சீலிங் தன் எடையைச் சுமப்பதற்காக மட்டும் செய்யப்பட்டது. அதில் எதையும் மாட்டக் கூடாது. கொக்கியைச் சுற்றி அழகுக்காகப் பித்தளைக் கிண்ணம் கவிழ்ப்பதையும் நான் விரும்புவதில்லை. அடையாறில் ஒரு வீட்டில், போல்ட் விரற்கடை அளவு கீழே இறங்கியிருந்ததை அந்தக் கிண்ணம் மாதக்கணக்கில் மறைத்திருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பொருத்துமிடம் கண்ணுக்குத் தெரியட்டும். நட்டின் மீதும் தகட்டின் மீதும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் அடித்து வைத்தால், நட் சிறிது சுழன்றாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். சங்கிலி வளையங்கள் ஒன்றோடொன்று உரசுமிடத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே அந்தச் சங்கிலியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்கு மின்விசிறிக் கொக்கியில் தூளி கட்டலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: மின்விசிறியைக் கழற்றிவிட்டு, கொக்கியிலேயே நேரடியாகக் கட்டுவதானால், கட்டலாம், விசிறித் தண்டில் கட்டவே கூடாது. ஆனால் கடற்கரைப் பகுதியில் முதலில் துருவைப் பாருங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். சிறு சுத்தியலால் கொக்கியைச் சுற்றித் தட்டும்போது உள்ளே கூடாக ஒலித்தாலோ, கம்பியின் மேல் அடுக்கடுக்காகத் துரு உரிந்தாலோ அங்கே கட்டாதீர்கள். தூளியின் அடி தரையிலிருந்து முக்கால் அடிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கீழே மெத்தை விரித்து வையுங்கள்.