பழுதான ஹார்ட் டிஸ்கும் மகனின் மேற்படிப்பும்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடையில் லினக்ஸில் ஓடிய பில்லிங் கணினியின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் பழுதானதிலிருந்து, இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கும் தங்கள் மகன் மூன்று வாரங்களாக அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றும், இது நாளைக்குப் பிழைப்புக்கு உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பருவத் தேர்வு நெருங்கும் நேரத்தில் இந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் சென்ற சனிக்கிழமை அவர் கொண்டுவந்த நோட்டைப் பார்த்த பின், அந்த மூன்று வாரங்கள் வீணாகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அவர் பழுதான டிஸ்கிலேயே மீட்பு வேலையைத் தொடங்கிவிடவில்லை. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பிவரும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால், முழு டிஸ்கையும் ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது டிஸ்கில் உள்ளதை அப்படியே கொண்ட ஒரு கோப்பாக, நகலெடுத்திருக்கிறார். அதைத் திறக்க முயன்றபோது, உள்ளே இருப்பது எந்தக் கோப்பு முறைமை (கோப்புகளை டிஸ்கில் அடுக்கி வைக்கும் முறை) என்று தெரியவில்லை எனக் கணினி கைவிரித்துவிட்டது. நோட்டின் அடுத்த பக்கத்தில் "2048 × 512 = 10,48,576" என்று எழுதி, பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார். முழு டிஸ்கின் இமேஜில் முதலில் இருப்பது, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்று காட்டும் பகுதி அட்டவணை. கோப்பு முறைமை பெரும்பாலும் 2048ஆம் செக்டாரில், அதாவது டிஸ்கின் ஒரு சிறு கூறில்தான் தொடங்கும். செக்டாருக்கு 512 பைட் என்பதால், அத்தனை பைட்டுகளைக் கடந்து போய்த் தேட வேண்டும் என்பதை அவரே கண்டுபிடித்திருக்கிறார். லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 முறைமையாக இருந்தால் அங்கிருந்து 1080ஆம் பைட்டில், அதன் விவரங்களைச் சொல்லும் தலைப்புப் பகுதிக்குள், அடையாளக் குறி இருக்க வேண்டும். அங்கே வெறும் சுழியங்கள்தான் இருந்தன. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. பிளாக் (இடத்தை ஒதுக்கும் அலகு) அளவு 4096 பைட்டாக உள்ள ஈஎக்ஸ்டி4 முறைமையில், 32768ஆம் பிளாக்கில் அந்தத் தலைப்புப் பகுதிக்கு ஒரு மாற்றுப் பிரதி இருக்கும் என்று படித்தறிந்து, அங்கே குறியைக் கண்ட தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறார்.

கோப்புகள் கிடைத்தனவா என்பதைவிட இந்தக் குறிப்பெடுக்கும் பழக்கமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த ஆர்வம் இட்டுச் செல்லக்கூடிய துறையான டிஜிட்டல் தடயவியலில், அதாவது கணினிகளிலிருந்து சாட்சியம் திரட்டும் வேலையில், எதைத் தொட்டோம், எப்போது தொட்டோம், நகல் மாறாமல் இருக்கிறதா என்பதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது இணைக்கும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும், கணக்கிட்டு எடுக்கும் ஒரு அடையாளம்) குறிப்பிட வேண்டும். தங்கள் மகன் இமேஜுக்கு ஹாஷ் மதிப்பு எடுக்கவில்லை. அதை அன்றே எடுத்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

இந்தத் துறையில் முடியாது என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்ட டிஸ்கின் இமேஜும் அடையாளம் தெரியாதது போலத்தான் தோன்றும்; கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது. ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் கோப்பு முறைமையைப் பார்க்காமலே படங்களைத் தேடி எடுக்கும். ஆனால் பழைய பெயர்களும் ஃபோல்டர்களும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வாடிக்கையாளரிடம் இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்பவரிடம்தான் அடுத்த டிஸ்கும் வரும்.

படிப்பைப் பொறுத்தவரை, பட்டத்தை இடையில் நிறுத்த வேண்டாம். இயங்குதளமும் கணினிக் கட்டமைப்பும் இந்த வேலையின் அடித்தளம் என்பதால், அந்த இரண்டு தாள்களிலும் அவர் நல்ல மதிப்பெண் பெறட்டும். முதுகலைக்கு, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு நல்ல வழி. அங்கே டிஜிட்டல் தடயவியலில் எம்.எஸ்சி. உண்டு. தடயவியல் பிடிக்காமல் போனாலும், சர்வர், சேமிப்பகப் பராமரிப்பு வேலைகளுக்கு இதே அறிவு நேரடியாகப் பயன்படும். சில வாரங்களில் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் விலையுயர்ந்த பயிற்சிகளுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு 2 டிபி வெளிப்புற டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு இமேஜ்; கோப்பு முறைமையின் பழுது நீக்கும் கட்டளை அதற்குள்ளேயே எழுதிவிடும் என்பதால், இரண்டாவது நகல் எடுக்கும் வரை அந்தக் கட்டளையைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தேர்வு முடிந்ததும் அந்த நோட்டோடு அவரை மீண்டும் அழைத்து வாருங்கள்.