நாலு மாசக் குழந்தைக்கு அல்காப்பா: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

தக்கலை தங்கச்சி, "இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு, மருந்துல தேறட்டும், பிறகு ஆபரேஷன் பார்க்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெய்து காத்திருக்காதீங்க. அல்காப்பான்னா, இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுபோற இடது கரோனரிக் குழாய், மகாதமனியில் கிளம்பாம நுரையீரல் தமனியில் கிளம்புற பிறவிக் கோளாறு. அதனாலதான் இதயத்தசை பட்டினி கிடக்கு. மருந்து தாங்கிப்பிடிக்கும், சரியாக்காது. அந்தக் குழாயை மகாதமனியில் மாற்றித் தைச்சா, பல பிஞ்சுகளுக்குச் சில மாசத்துலயே எக்கோங்கிற இதய ஸ்கேன்ல நல்ல முன்னேற்றம் தெரியும். ஆபத்தே இல்லைன்னு சொல்லமாட்டேன்; சும்மா இருக்கிறது அதைவிட ஆபத்து.

எக்கோ ரிப்போர்ட்டோட திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரியில காட்டுங்க. ஆபரேஷனுக்குப் பின்னே சில நாள் எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்ற கருவி) தேவைப்படலாம். எங்கே செய்தாலும் அந்த வசதி உண்டான்னு முதல்லயே கேளுங்க. காப்பீட்டு அட்டை செல்லுமான்னும் விசாரிச்சிடுங்க. இதுக்கிடையில, பால் குடிக்கும்போது வேர்த்துக்கொட்டி மூச்சு வாங்கினா, நடுராத்திரின்னாலும் ஆசாரிபள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.