ஜப்பானில் மௌனப் படங்கள் 1930களின் நடுப்பகுதிவரை நீடித்தது ஏன்?

முதல் காரணம் பென்ஷிகள். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசிய கலைஞர்கள் இவர்கள். அதனால் அங்கே மௌனப் படம் ஒருநாளும் மௌனமாக ஓடியதில்லை.

எடிசனின் படம் காட்டும் கருவி 1896இலும் லூமியர் சகோதரர்களின் கருவி 1897இலும் ஜப்பானுக்கு வந்தன. அந்தப் புதுமையை விளக்க ஆள் தேவைப்பட்டது. புன்ராகு பொம்மலாட்டத்தில் மேடையோரம் அமர்ந்து ஒருவரே எல்லாப் பொம்மைகளுக்கும் பேசுவார். அந்த மரபில் ஊறிய மக்களுக்குப் பென்ஷி அந்நியமாகத் தோன்றவில்லை. பிடித்த பென்ஷிக்காகவே தியேட்டரைத் தேர்ந்தெடுத்த ரசிகர்கள் ஏராளம். மிகையில்லாத பேச்சால் புகழ்பெற்ற டோக்குகாவா முசெய் நட்சத்திரமாகவே கொண்டாடப்பட்டார். ஒரே காட்சி ஒருவர் வாயில் கண்ணீரையும் இன்னொருவர் வாயில் சிரிப்பையும் வரவழைக்கும். படத்தின் பாதி உயிர் அவர்களிடம்தான் இருந்தது என்பேன்.

இரண்டாவது காரணம் செலவு. பேசும்படத்துக்கு மாற தியேட்டர்களுக்குப் புதிய கருவிகளும் பெரும் செலவும் தேவைப்பட்டன. 1931இல் கோஷோ ஹெய்னோசுகே இயக்கிய பேசும்படம் வெற்றி பெற்றதும் பென்ஷிகளின் வேலை பறிபோகத் தொடங்கியது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை. போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ. 1933இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான். ஆனாலும் இயக்குநர் யசுஜிரோ ஓசு 1930களின் நடுப்பகுதிவரை மௌனப் படங்களை எடுத்தார்.

இன்றும் சில பென்ஷிகள் பழைய படங்களுக்கு நேரில் குரல் கொடுக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அப்படியே பாருங்கள்.