எட்டுக் கிலோமீட்டருக்கு எதற்கு டீசல் கார்?

கேள்வி: வீட்டிலிருந்து அலுவலகம் எட்டுக் கிலோமீட்டர். வழியில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். சொந்த ஊருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போவோம். 2021 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. டீசல் என்றால் மைலேஜ் கிடைக்கும், எஞ்சினும் காலத்துக்கும் உழைக்கும் என்கிறார் மைத்துனர். வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். மைத்துனர் சொல்வது 2012இல் சரியாக இருந்திருக்கும். அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வரை இடைவெளி இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. இன்று பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

உங்கள் கணக்கையே போடுவோம். மாதம் 400 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி நகருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 2,900 ரூபாய். டீசல் 18 கொடுத்தால் 2,050. மிச்சம் மாதம் எண்ணூற்றுச் சொச்சம். ஆண்டுக்குப் பத்தாயிரம். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையை இந்தப் பத்தாயிரத்தால் மீட்க எத்தனை ஆண்டு ஆகும் என்று மைத்துனரிடமே கேளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் பிஎஸ்6 எனப்படும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அதன் பின் வந்த டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் எனப்படும் கரி வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எஞ்சினே வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக டீசலைத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்குப் பத்திலிருந்து இருபது நிமிடம் வரை தடையில்லாத ஓட்டம் வேண்டும். திண்டுக்கல் சாலையில் எண்பதில் போனால் உங்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். பள்ளி வாசல், சிக்னல், அலுவலகம் என்று நின்று நின்று போகிற எட்டுக் கிலோமீட்டரில் எஞ்சின் சூடேறவே நேரம் போதாது. எரிப்பு தொடங்கும், நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். மறுநாளும் அதே கதை.

அப்படிப் பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும், கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். பலர் இதைப் பார்த்து 'என் வண்டி ஒரு சொட்டு ஆயில்கூடக் குடிப்பதில்லை' என்று மகிழ்கிறார்கள். உண்மையில் அது ஆபத்துக்கான அறிகுறி. டீசல் கலந்து நீர்த்த ஆயிலை நம்பித்தான் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு ஓடுகிறது. முதலில் அடி வாங்குவது அதுதான்.

இவ்வளவு படித்த பிறகும் அந்த வண்டியின் மேல் மனம் போனால், பழைய உரிமையாளர் அதை எங்கே ஓட்டினார் என்று முதலில் விசாரியுங்கள். நெடுஞ்சாலையில் எண்பதாயிரம் ஓடிய வண்டி, நகருக்குள் இருபத்தைந்தாயிரம் மட்டும் ஓடியதைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். டீசல் விஷயத்தில் 'குறைவாக ஓடிய வண்டி' என்ற விளம்பரத்துக்கு நான் மயங்குவதில்லை. அடைத்துப்போன டிபிஎஃப்பை மாற்றும் செலவு சில மாடல்களில் லட்ச ரூபாயைத் தொடும்.

வடிகட்டியை எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்களும் உங்களிடம் வருவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களை அனுமதிப்பதில்லை. வாரண்டியும் போய்விடும்.

கேள்வி: 2014 மாடல் ஹேட்ச்பேக், 1.3 லிட்டர் டீசல், 1,10,000 கிலோமீட்டர். உரிமையாளர் 'ஒரே கை ஓட்டியது' என்கிறார். எஞ்சினை எப்படிப் பார்த்து வாங்குவது? (சேலம் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட்டாகத்தான் இருக்க வேண்டும். 2003இல் ஐரோப்பாவில் வந்த இந்த எஞ்சின், இங்கே மாருதி, டாட்டா, ஃபியட் என்று பல பெயர்களின் கீழ் ஓடியது. 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று கேலியாகவும் பாசமாகவும் சொல்வார்கள். பிஎஸ்6 வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. ஆனாலும் உதிரி பாகத்துக்கும் தெரிந்த மெக்கானிக்குக்கும் இன்றுவரை பஞ்சம் இல்லை. பழைய டீசலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் கைகாட்டுவேன். உங்கள் வண்டி பிஎஸ்6க்கு முந்தையது. அதனால் முதல் பதிலில் சொன்ன எரிப்புத் தொல்லை இதில் பெரும்பாலும் இருக்காது.

பலவீனம், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினில் இருக்கிறது. 'பெல்ட் இல்லை, செயின், ஆயுளுக்கும் தொடவே வேண்டாம்' என்று விற்பவர் சொல்வார். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் ஆயில் கரியால் சீக்கிரம் கறுக்கும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டிய ஆயிலைப் பதினெட்டாயிரம் வரை இழுத்தால், கரி கலந்த ஆயில் செயினின் பின்களை மெல்ல அரித்து நீட்டிவிடும். நீண்ட செயின் ஒருநாள் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் லேத் பட்டறை வரை போய்த்தான் தீர வேண்டும்.

ஆகவே வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். 'நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைக்கிறேன்' என்று உரிமையாளர் சொன்னால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் செயின் பக்கமிருந்து கடகடவென்ற ஓசை ஓரிரு விநாடியில் அடங்க வேண்டும். அடங்காமல் தொடர்ந்தால் செயின் செட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். இலேசான ஆவி வருவது இயல்பு. கெட்டியான புகை துடித்துத் துடித்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை சூடான பின்னும் நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டரையோ கூலண்ட் கசிவையோ சந்தேகிக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் தேங்கி நின்றால்தான் கவலை.

டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் நான்கு இஞ்செக்டர்களிலிருந்தும் தெளிக்கப்படாமல் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடுவார்கள். சிறு செலவுதான். ஒரு குப்பி மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் அந்த இஞ்செக்டர் தேய்ந்துவிட்டது. வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகளில் எனக்குப் பிடித்தது இது. விற்பவரின் பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

ஆர்சியில் பதிவு முதலில் எங்கே நடந்தது என்றும் பாருங்கள். டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் கார்களுக்குக் கெடுபிடி வந்ததிலிருந்து, அந்த ஊர் வண்டிகள் பல மாநிலங்களுக்கும் மலிவு விலையில் போகின்றன. மலிவுக்குக் காரணம் வண்டி கெட்டது என்பதில்லை. ஆனால் தடையின்மைச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு அலைச்சல் எல்லாவற்றையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போகும். பதிவு 15 ஆண்டுக்கு என்பதால் 2029இல் எஃப்சி, புதுப்பிப்பு வேலையும் உங்கள் தலையில்தான்.

கேள்வி: நீட்டிப்பு வாரண்டியில் இருக்கும் என் காரின் டர்போ 68,000 கிலோமீட்டரில் போய்விட்டது. ஒருமுறை ஆயில் சர்வீஸை 1,800 கிலோமீட்டர் தாமதமாகச் செய்ததைக் காட்டி வாரண்டி கிடையாது என்கிறார்கள். என்ன செய்யலாம்? (கோவை வாசகர்)

பதில்: முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வாயால் சொல்லும் மறுப்பை எங்கும் காட்ட முடியாது. அடுத்து, கழற்றிய டர்போவை அவர்கள் பழைய இரும்போடு போட்டுவிடாமல் பாதுகாக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்களும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றை உறிஞ்சும் பக்கத்து இதழ்கள் சிதைந்திருந்தால் வெளிப்பொருள் ஏதோ உள்ளே போயிருக்கிறது. தண்டும் பேரிங்கும் கறுத்துத் தேய்ந்திருந்தால் ஆயில்தான் காரணம். முதல் வகை என்றால் ஆயில் தாமத வாதம் நிற்காது.

இரண்டாவது வகையாக இருந்தால் உங்கள் கை அவ்வளவு வலுவாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரண்டி புத்தகத்தில் சர்வீஸ் இடைவெளிக்குத் தரும் சலுகை எவ்வளவு என்று பாருங்கள். பல நிறுவனங்கள் சில நூறு கிலோமீட்டர்தான் தரும். அப்போதும் செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்கும்படி கேட்கலாம். ஷோரூமிடம் கேட்டுப் பயனில்லை. கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். மற்ற சர்வீஸ்களை எல்லாம் நேரத்தோடு செய்திருந்தால் பேச இடம் உண்டு.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனாலும் பெரிய தொகை இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: டர்போ வண்டியை நிறுத்தும்போது இரண்டு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஊருக்குள் ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தும்போது தேவையில்லை. ஏற்காடு மலை ஏறியவுடன், அல்லது நூறில் வந்து நேராக உணவகத்துக்குள் நுழைந்தவுடன் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சூடான டர்போவில் ஓட்டம் நின்ற ஆயில் தண்டிலேயே கருகிப் படியாமல் இருக்கத்தான் இது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே ஆக்சிலேட்டரை அழுத்தாமல் இருப்பது இதைவிட முக்கியம். ஆயில் மேலே ஏற ஓரிரு விநாடி கொடுங்கள், பிறகு முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

கேள்வி: புது டீசல் காரில் டிஇஎஃப் குறைவு என்று விளக்கு எரிகிறது. அது வெறும் யூரியா தண்ணீர்தானே, உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. 32.5 சதவீதம் தூய யூரியாவும் கனிமம் நீக்கிய நீரும் சேர்ந்தது டிஇஎஃப். உர யூரியாவில் உள்ள கசடு, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். பெட்ரோல் பங்கிலேயே வாளியில் கிடைக்கிறது. விளக்கைக் கண்டும் காணாமல் விட்டால், அளவு தீர்ந்தபின் அணைத்த வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஊற்றும்போது மூடியைக் கவனியுங்கள். நீல மூடிதான் டிஇஎஃப்புக்கு. தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போங்கள்.