3050-ஆ, 6600-ஆ? அதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் தருமபுரியில் கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனி கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரை போன வருடம் வாங்கினோம். ஐ5-6500, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 240 வாட் என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது. கேம் ஆட இதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். ஓசூரில் விசாரித்தேன், ஆர்டிஎக்ஸ் 3050 17,500 ரூபாய், ஆர்எக்ஸ் 6600 21,000 ரூபாய் என்றார்கள். கடைக்காரர் "என்விடியாவே எடுத்துக்கோ தம்பி, டிஎல்எஸ்எஸ் இருக்கு, ரே டிரேசிங் இருக்கு" என்கிறார். நண்பர்கள் எல்லோரும் 6600 என்கிறார்கள். மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். ஜிடிஏ 5, வேலரண்ட், முடிந்தால் சைபர்பங்க் 2077 ஆட ஆசை. ஊர்த் திருவிழா வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பதும் உண்டு. கையில் 22,000 இருக்கிறது. எதை வாங்கட்டும்?
- கல்லூரி மாணவர், காரிமங்கலம்

பதில்: தம்பி, கடைக்காரரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது "எந்த 3050?" என்பதுதான். அந்தப் பெயரில் இரண்டு கார்டு இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி கார்டு, அதில் 2560 கோர், 128 பிட் மெமரி பாதை, 130 வாட் மின்சாரம் எடுக்கும். 2024 பிப்ரவரியில் அதே 3050 என்ற பெயரிலேயே 6 ஜிபி கார்டு ஒன்றை இறக்கினார்கள். இதில் கோர் 2304, மெமரி பாதை 96 பிட், மின்சாரம் 70 வாட். மெமரி மட்டும் 2 ஜிபி குறைவு என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம், ஆனால் சிப்பின் பலமும் மெமரியின் வேகமும் சேர்ந்தே குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது வாங்குகிறவனுக்குச் செய்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், 3040 என்று வைத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. உங்களுக்குச் சொன்ன விலையைப் பார்த்தால் பெரும்பாலும் அது 6 ஜிபி கார்டுதான். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

3050 என்விடியாவின் கார்டு, ஆர்எக்ஸ் 6600 ஏஎம்டியின் கார்டு, வந்தது 2021 அக்டோபரில். 8 ஜிபி மெமரி, 132 வாட். சாதாரணமாக, அதாவது ஒளியையும் நிழலையும் நிஜம் மாதிரி கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் இல்லாமல், 1080பி-யில் ஆடும்போது பெரிய 3050-ஐவிடவே இது ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் வேகம். சின்ன 3050 பெரியதைவிடவும் கீழே. அப்படியானால் 6 ஜிபி 3050-இல் 40 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 40 படம், வரும் கேமில் 6600 அறுபதை ஒட்டி வரும், கேமுக்குக் கேம் கொஞ்சம் மாறும். உங்கள் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இது கண்ணுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம். மெமரியையும் யோசியுங்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி கார்டு, அந்தப் பட்டியலில் ஏஎம்டி பக்கம் 6600-இன் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். இனி வருகிற பெரிய கேம்களுக்கு 6 ஜிபி போதாது என்பது இப்போதே தெரிகிறது.

கடைக்காரர் சொன்ன டிஎல்எஸ்எஸ் பொய் இல்லை, நல்ல வசதிதான். குறைந்த அளவில் படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வேலை அது. 1080பி திரையில் குவாலிட்டி என்று வைத்தால் உள்ளே 720பி-யில்தான் கேம் ஓடும். இதையே எஃப்எஸ்ஆர் என்ற பெயரில் ஏஎம்டி செய்கிறது, அது 6600-இலும் ஓடும், 3050-இலும் ஓடும். படம் டிஎல்எஸ்எஸ்-இல் தெளிவாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், 1080பி மாதிரி சின்ன அளவில் எஃப்எஸ்ஆர் போட்டால் புல், முடி, கம்பி வேலி எல்லாம் கொஞ்சம் மினுமினுக்கும். ஆனால் 6600-க்குப் பல கேம்களில் அந்த உதவியே தேவைப்படாது. இடையிடையே கார்டே படங்களை உருவாக்கிச் சேர்ப்பதை ஃபிரேம் ஜெனரேஷன் என்று பேசுகிறார்களே, டிஎல்எஸ்எஸ்-இன் அந்தப் பகுதி ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் தொடங்கித்தான் கிடைக்கும், 3050-க்குக் கிடையாது. ரே டிரேசிங் இரண்டிலுமே இருக்கிறது, இரண்டிலுமே அதைப் போட்டால் கேம் திணறும். அதை ஒரு காரணமாக வைத்து வாங்க வேண்டாம்.

இதுவரை சொன்னதை வைத்து "அப்ப 6600" என்று கிளம்பிவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் கார்டைவிட முக்கியமான பொருள் அந்த 240 வாட் எஸ்எம்பிஎஸ்.

மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் வரும். 70 வாட் எடுக்கும் 6 ஜிபி 3050 அதற்குள் அடங்கிவிடுகிறது, பெரும்பாலான மாடல்களில் தனி பவர் ஒயரே இருக்காது. பெட்டியைத் திறந்து, செருகி, டிரைவர் போட்டால் வேலை முடிந்தது. 65 வாட் பிராசஸரோடு சேர்த்து உங்கள் 240 வாட் எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும். 6600 அப்படி இல்லை. அதற்கு 8 பின் பவர் ஒயர் ஒன்று வேண்டும், ஏஎம்டி குறைந்தது 450 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது. உங்கள் ஆபீஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே இருக்காது. அப்போது யாராவது நூறு ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் தருவார்கள், ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரை 8 பின்னாக மாற்றித் தரும் ஒயர். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் 54 வாட் கொடுக்கத்தான் செய்யப்பட்டது, 8 பின் பிளக் 150 வாட் வரை இழுக்கலாம். இரண்டு சாட்டாவைச் சேர்த்தாலும் 108-தான். பிளக் சூடாகி உருகும், சில சமயம் தீயே பிடிக்கும். படுக்கிற அறையில், மெத்தைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பிள்ளைகள்தான் நம் ஊரில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆக 6600 வாங்கினால் 450 அல்லது 550 வாட்டில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதற்குச் சுமார் 4,000 ஒதுக்கிக்கொள்ளுங்கள். "500 வாட்" என்று பெரிதாக எழுதி 900 ரூபாய்க்கு விற்பதைத் தொடவே வேண்டாம், கையில் தூக்கினாலே வெறும் தகரம் என்று தெரியும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்னொரு சிக்கல்: சாதாரண மதர்போர்டுக்கு 24 பின் ஒயர் போகும், டெல், எச்பி ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் அந்த இடத்தில் 6 அல்லது 8 பின்தான் இருக்கும். அதற்கான கன்வெர்ட்டர் கிடைக்கிறது, அது பரவாயில்லை, ஆனால் உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். புது எஸ்எம்பிஎஸ் அந்த கேபினெட்டில் உட்காருமா, கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்துவிட்டு வண்டி ஏறுங்கள். படுக்கவைக்கிற மெலிந்த பெட்டியாக இருந்தால் பேச்சே வேண்டாம், உயரம் குறைந்த லோ புரொஃபைலில் வருகிற 6 ஜிபி 3050 ஒன்றுதான் அதில் நுழையும்.

பிராசஸரையும் பார்க்க வேண்டும். ஐ5-6500-க்கு நான்கே கோர், நான்கே திரெட். வேலரண்டில் கார்டுக்கு வேலை குறைவு, பிராசஸர்தான் ஓட வேண்டும், அங்கே எந்தக் கார்டு போட்டாலும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். ஜிடிஏ 5-க்கு இரண்டுமே தாராளம். சைபர்பங்கில் ஊர் நடுவில், கூட்டத்தில், 6600 போட்டாலும் அங்கங்கே தடுக்கும், அது கார்டின் குற்றம் இல்லை. அந்த பிராசஸருக்கு விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வ ஆதரவும் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. எப்படியும் இரண்டு வருடத்தில் பெட்டியை மாற்றுவீர்கள். அப்போது 6600-ஐயும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றிப் புதுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், 6 ஜிபி 3050-ஐ அப்போது விற்கத்தான் தோன்றும்.

எடிட்டிங்குக்கு இரண்டும் போதும். பிளெண்டர் மாதிரி 3டி வேலை, அல்லது என்விடியாவின் கணக்கிடும் தொழில்நுட்பமான குடா கேட்கிற ஏஐ மென்பொருள் படிப்புக்குத் தேவை என்றால் மட்டும் நான் என்விடியா பக்கம் சாய்வேன், குடா ஏஎம்டியில் நேராக ஓடாது.

என் முடிவு: 6600-ம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும், மொத்தம் 25,000. கையில் 22,000தான் இருக்கிறது என்றால் ஒரு மூவாயிரம் சேரும்வரை பொறுங்கள், திருவிழா சீசனில் இரண்டு வீடியோ எடுத்தால் வந்துவிடும். அது முடியவே முடியாது, அல்லது பெட்டி மெலிந்தது என்றால் 6 ஜிபி 3050-ஐ மனக்குறை இல்லாமல் வாங்குங்கள், பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் பாதுகாப்பாக ஓடும் கார்டு அது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு 6600 மட்டும் வேண்டவே வேண்டாம். கரண்ட் பில்லுக்குப் பயப்படாதீர்கள், தினம் மூன்று மணி நேரம் ஆடினாலும் இரண்டு கார்டுக்கும் இரண்டு மாத பில்லில் 11 யூனிட்தான் வித்தியாசம். வீட்டில் சாதாரண 600 விஏ யூபிஎஸ் இருந்தால் அது பெரும்பாலும் 360 வாட் தாங்கும், கரண்ட் போனதும் கேமைச் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்பி ரோட்டில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், பஸ் செலவையும் ஒரு நாளையும் கணக்கில் வையுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், வாரண்டிக்கு நாளை நீங்கள்தான் அலைய வேண்டும்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கிருஷ்ணகிரியில் ஒருவரிடம் ஆர்எக்ஸ் 580 செகண்ட் ஹேண்ட் கார்டு 5,500 ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறான். அது காசு உருவாக்க இரவு பகலாக ஓட்டிய கார்டாக இருக்கும் என்று என் தம்பி சொல்கிறார். வாங்கித் தரலாமா சார்?
- ஒரு தாய், அரூர்

பதில்: அம்மா, உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிரிப்டோ எடுக்க வாங்கிய கார்டுகள் 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு இனி கார்டே தேவைப்படாத முறைக்கு மாறியதும் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன, 580 அதில் நிறைய. அப்படி ஓடியது என்பதாலேயே கார்டு செத்துவிடாது, ஃபேனும், சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டும்தான் தேய்ந்திருக்கும். ஆனால் 580 வந்தது 2017-இல். 185 வாட் இழுக்கும், அதாவது மேலே காரிமங்கலம் தம்பிக்குச் சொன்ன எஸ்எம்பிஎஸ் செலவு உங்களுக்கும் உண்டு. ரே டிரேசிங் கட்டாயம் என்கிற புதுக் கேம்கள் இதில் திறக்கவே திறக்காது.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிறகு புதிதாக வாங்குவதையே நான் விரும்புவேன். மகன் விடமாட்டேன் என்றால் விற்பவர் வீட்டிலேயே, அவர் கம்ப்யூட்டரிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கோர் எண்ணிக்கை தெரியும். சரியான 580-இல் 2304 இருக்க வேண்டும், 2048 என்று காட்டினால் அது குறைந்த ரகம், விலையைக் குறைக்க வேண்டும். பெயர் மாற்றிய போலிக் கார்டுகள் பலவற்றையும் அந்த மென்பொருள் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். வீட்டுக்குக் கூப்பிடாமல் பஸ் ஸ்டாண்டில் கொடுக்கிறேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்திலேயே கிரானைட் பட்டறை. என் கார்டு கொஞ்ச நேரம் கேம் ஆடினாலே 85 டிகிரி போய் ஃபேன் அலறுகிறது. பஞ்சர் கடையில் காற்று அடிக்கலாமா?
- வாசகர், பர்கூர்

பதில்: வேண்டாம். பஞ்சர் கடைக் காற்றில் தண்ணீர்த் துளி வரும், அழுத்தமும் அதிகம், ஃபேன் இறக்கை உடைந்துபோகும். சின்ன மின்சார புளோயர் வாங்குங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி வெளியே கொண்டுபோய் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறும் காற்றில் வேகமாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். கல் தூசி வீட்டுத் தூசி மாதிரி பஞ்சாக நிற்காமல் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்கில் படிந்து கெட்டியாகிவிடும், பழைய பெயிண்ட் பிரஷால் தட்டிவிட வேண்டியிருக்கும். உங்கள் இடத்தில் மாதம் ஒருமுறை செய்யுங்கள். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் மேசை மேல் ஏற்றுங்கள், காற்று உள்ளே போகிற முன்பக்கத்தில் கொசுவலைத் துணி ஒரு மடிப்பு கட்டுங்கள். தூசி போன பிறகும் 85-இலேயே நின்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். வாரண்டி இருக்கும்வரை ஸ்குரூவைத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள், முடிந்திருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளலாம்.