தளபதிகளும் குவான்யினும் – கடிதம்

வணக்கம் ஐயா,

சீனத்துப் பூதுவோ தீவைப் பற்றிய கட்டுரையில், குவான்யின் கோயில்களை எடுத்துக் கட்டியவர்களில் படைத்தளபதிகளும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். கொலைத்தொழில் செய்பவர்களுக்குக் கருணைத் தெய்வத்திடம் என்ன வேலை? அசோகருக்கு வந்தது போன்ற குற்றவுணர்வா?

– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

அசோகரை நாம் எல்லா ஊருக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். இங்கே அவர் வேண்டாம். பூதுவோ, செஜியாங் கரையோரத் தீவு. யாத்திரிகர் படகேறித்தான் போகவேண்டும். அந்தக் கடலோ தளபதியின் காவலில் இருந்தது. 1387இல் மிங் அரசமரபின் தளபதி டாங் ஹ தீவுவாசிகளை வெளியேற்றியபோது கோயில்களை எரித்து, குவான்யின் சிலையைக் கரையிலுள்ள நிங்போ நகருக்குக் கொண்டுபோனார். கட்ட வந்தவருக்கு முன்பே எரிக்க வந்தவர் படைக்காரர்தான்.

இருநூறு ஆண்டு கழித்து ஹோ ஜிகாவ் என்ற தளபதி குவான்யின் உருவத்தைக் கல்லில் பொறித்து அங்கே நிறுவினார். 1589இல் தலவரலாறு ஒன்றையும் கொண்டுவந்தார். தொகுத்துக் கொடுத்தவர் டூ லோங், பதவி பறிபோன அதிகாரி, நாடகாசிரியர். தேர்வெழுதிப் பதவிக்கு வந்தவர்கள் படைக்காரரை ஒரு படி கீழாகவே பார்த்த காலம் அது. தலவரலாறு தொகுப்பதும் கல்லில் பொறிப்பதும் படித்தவர்களின் பழக்கங்கள். அந்தச் சபையில் தனக்கும் ஒரு பாய் விரிக்கச் சொல்கிறார் ஹோ ஜிகாவ் என்றே எனக்குத் தோன்றுகிறது. பக்தி பொய் என்று சொல்லவில்லை. குவான்யின் கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பவள். யாத்திரிகனின் படகுக்கும் போர்க்கப்பலுக்கும் புயல் ஒன்றுதானே.

எனக்குப் பிடித்தவர் லான் லி, மிங்குக்குப் பின் வந்த சிங் அரசின் தளபதி. 1683 பெங்ஹு கடற்போரில் குண்டடிபட்டுக் குடல் சரிந்தும் களத்தைவிட்டு நகராதவர். தைவானை ஆண்ட ஜெங் குடும்பத்தோடு நடந்த அந்தப் பகையில்தான் சிங் அரசு கடலோரத்தையே காலிசெய்தது, பூதுவோவும் பாழானது. பகை தீர்ந்தபின், 1690களில், அந்தப் பகுதியின் தளபதியாக வந்து தீவின் கோயிலை எடுத்துக் கட்டியவர் இவர். இவருக்குள் குற்றவுணர்வைத் தேடலாம்தான். ஆனால் போர் மூடிய தலத்தைப் போர் முடிந்ததும் திறந்துவிடுவது அவருடைய உத்தியோகத்தின் ஒரு பகுதி.

நீங்கள் பொதிகை அடிவாரத்துக்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூதுவோ என்பது, அவலோகிதர் உறையும் பொதலகம் என்ற மலைப்பெயரின் சீன உருவம். அந்த அவலோகிதர்தான் சீனத்தில் குவான்யின் ஆனார். பொதலகம் தென்னாட்டில், மலய மலைக்குக் கிழக்கே இருப்பதாகச் சீனப் பயணி சுவான்சாங் (நாம் யுவான் சுவாங் என்று படித்தவர்) எழுதியிருக்கிறார். அது உங்கள் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.