எலியட் கவுண்டி ஏன் கட்சி மாறியது?

கேள்வி: அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே கட்சிக்கு வாக்களித்து வந்த ஒரு சிறிய பகுதி, திடீரென்று ஒரே தேர்தலில் எதிர்க்கட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டதாகப் படித்தேன். அது எந்த இடம்? மக்கள் மனம் அப்படி ஒரே நாளில் மாறுமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் இருக்கும் எலியட் கவுண்டியாகத்தான் இருக்க வேண்டும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). அதன் தலைமையிடமான சாண்டி ஹூக்கில் ஆயிரம் பேர்கூட இல்லை. கவுண்டி முழுவதையும் சேர்த்தாலும் மக்கள்தொகை சுமார் 7,000தான். 1869இல் உருவாக்கப்பட்டது முதல் 2012 வரை நடந்த ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் இங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளரே முதலிடம் பெற்றார். குடியரசுக் கட்சியின் நிக்சன் 1972இலும் ரீகன் 1984இலும் ஆளுக்கு 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போனபோதுகூட, இந்தக் கவுண்டி அவர்களை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் மக்கவர்னையும் மாண்டேலையும் கைவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் 2016இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஏறத்தாழ 70 சதவீத வாக்குகளைப் பெற்றார்.

ஆனால் அது ஒரே நாளில் நிகழ்ந்த மாற்றமல்ல. 2004இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு இங்கே ஏறத்தாழ 70 சதவீதம் கிடைத்தது. 2008இல் ஒபாமாவுக்கு 61. 2012இல் அவருக்கே பாதிக்கும் சற்றுக் குறைவாகக் கிடைத்து, மயிரிழையில் வென்றார். சரிவு தொடர்ந்துகொண்டேதான் இருந்தது. முதலிடம் கைமாறிய 2016இல்தான் வெளியுலகம் அதைக் கவனித்தது.

இந்தப் பற்று எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால்தான் அது ஏன் தளர்ந்தது என்பதும் விளங்கும். உள்நாட்டுப் போரில் வடக்கை ஆதரித்த மலைக் கவுண்டிகள் பல, ஜாக்சன் கவுண்டியைப் போல, குடியரசுக் கட்சியின் கோட்டைகளாயின. எலியட்டோ தொடக்கம் முதலே ஜனநாயகக் கட்சியின் பக்கம் நின்றது. குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்த அந்தச் சார்புக்கு 1930களில் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு உறுதியான பொருளாதாரக் காரணம் ஒன்றையும் கொடுத்தது. யார் எவ்வளவு புகையிலை விளைவிக்கலாம் என்று ஒதுக்கீடு செய்து, விலையையும் தாங்கிப் பிடித்த அந்த ஏற்பாட்டால், சில ஏக்கர் நிலம் மட்டுமே உள்ள மலை விவசாயியும் குடும்பம் நடத்த முடிந்தது. 2004இல் இயற்றப்பட்ட சட்டம் அந்த ஒதுக்கீட்டு முறையை நிறுத்தி, பத்தாண்டுகளுக்கு இழப்பீடு வழங்கியது. அந்தத் தவணைகளும் 2014இல் முடிந்தன. அந்த வட்டாரத்துக்குத் தொழிற்சங்கப் பாதுகாப்புடன் நல்ல ஊதியம் தந்த ஆஷ்லாந்து எஃகு ஆலையின் ஊதுலை (இரும்பை உருக்கும் பெரிய உலை), 2015 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. கட்சியோடு மக்களைப் பிணைத்திருந்த கயிறுகள் இப்படி ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தபோது, நிலக்கரி, துப்பாக்கி, கருக்கலைப்பு, ஒருபாலினத் திருமணம் ஆகியவற்றில் தேசியக் கட்சியின் நிலைப்பாடு இந்தப் பக்தி மிக்க கிராமப்புறத்திலிருந்து வெகுதூரம் விலகிப் போயிற்று. பக்கத்து ரோவன் கவுண்டியில் 2015இல் ஒருபாலினத் தம்பதியருக்குத் திருமண உரிமம் வழங்க மறுத்துச் சிறை சென்ற கவுண்டி எழுத்தர் கிம் டேவிஸ், ஜனநாயகக் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதையும், அதே ஆண்டில் அவர் குடியரசுக் கட்சிக்கு மாறினார் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள்தானே? நிறவெறியைத் தவிர வேறு காரணம் தேட வேண்டுமா?

பதில்: தேட வேண்டும் என்றே உறுதியாக நினைக்கிறேன். ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் வாழும் இந்தக் கவுண்டி 2008இல் ஒரு கறுப்பின வேட்பாளருக்கு 61 சதவீத வாக்குகளை அளித்தது; வெறுப்பு மட்டுமே அங்கே ஆட்சி செய்திருந்தால் அது நடந்திருக்காது. அதே வேளையில், நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவு கூடிய அந்த ஆண்டில் இங்கே அது சுமார் ஒன்பது புள்ளிகள் குறைந்ததையும் மறைக்கக் கூடாது. நிறத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் 2012இல் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்த கவுண்டி, வெள்ளையரான ஹிலாரி கிளின்டனை 2016இல் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்ததை நிறத்தால் மட்டும் எப்படி விளக்குவது? எளிய மக்களின் முடிவை ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுவது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி.

கேள்வி: அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்த பிறகும், அங்கே பலர் ஜனநாயகக் கட்சியினராகவே பதிவு செய்திருந்தார்களாமே, ஏன்?

பதில்: கென்டக்கியில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில், அந்தக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும், கட்சி மாற விரும்புகிறவர் முந்தைய ஆண்டின் டிசம்பர் 31க்குள் மாறியிருக்க வேண்டும். ஷெரிஃப், கவுண்டி நீதிபதி (பெயர் நீதிபதி என்றாலும் கவுண்டியின் நிர்வாகத் தலைவர்) போன்ற பதவிகளுக்கான உண்மையான போட்டி ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே முடிந்துவிடும் இடத்தில், பதிவை மாற்றிக்கொள்பவர் உள்ளூர் விவகாரத்தில் தன் குரலைத் தானே இழக்கிறார். மேலும், உள்ளூரில் கட்சி என்பது நேரில் தெரிந்த மனிதர்கள். சாண்டி ஹூக்கைச் சேர்ந்த ராக்கி அட்கின்ஸ் முப்பதாண்டுகளுக்கும் மேலாக மாநிலப் பிரதிநிதிகள் அவையில் இருந்து, அங்கே ஜனநாயகக் கட்சியின் தலைவராகவும் விளங்கினார். 2019 ஆளுநர் தேர்தலில் ஆசிரியர்களின் ஓய்வூதியப் பிரச்சினையில் அவர்களோடு மோதிய குடியரசுக் கட்சி ஆளுநர் மாட் பெவினை விட்டுவிட்டு, எலியட் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியருக்கே வாக்களித்தது. மாநிலம் முழுவதிலும் ஐயாயிரத்துச் சொச்சம் வாக்குகளே அவரது வெற்றி வித்தியாசம். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் இதே கவுண்டி, டிரம்புக்கு 2016ஐவிடப் பெரிய வெற்றியைக் கொடுத்தது.